பஸ்ஸில் போன மஞ்சள் பாட்டில்

போன மாதம் மலை மேலிருந்து ஒரு போன். நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் இப்போது இருக்கிற திவ்யா பேசினாள். குரலில் அவ்வளவு உற்சாகம்.

"மேடம், இப்ப எல்லாக் கழிவுப் பைக்கும் பார்கோடு வந்துடுச்சு. ஒட்டி, ஸ்கேன் பண்ணி, வேன்ல ஏத்திட்டா நம்ம வேலை முடிஞ்சுது. பயமே இல்ல. புதுசா நாலு பேர் சேந்திருக்காங்க, நீங்க வந்து ஒரு நாள் பேசணும்."

"பயமே இல்லன்னு மட்டும் சொல்லாதம்மா" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

நாலு பேர் முன்னால் நின்று பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதி அனுப்புகிறேன். பிடித்தால் படித்துக் காட்டட்டும், இல்லாவிட்டால் ஆய்வக அலமாரியிலேயே போட்டு வைக்கட்டும்.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இங்கே சந்தவாசல் வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் மூன்று தரம் மோந்து பார்ப்பேன். பேரன்கூடக் கிண்டல் செய்கிறான். மோருக்கும் தண்ணீருக்கும் பாட்டிலில் பேர் எழுதி ஒட்டுகிற பொம்பளை இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். பிறக்கும்போதே இப்படி இல்லை. இந்தப் பயம் வேலையில் வந்தது, வேலை முடிந்தும் போகவில்லை.

வேலூரில் இரண்டு வருடம் லேப் டெக்னீஷியன் படிப்பு. ரத்தம், சளி, சிறுநீர் என்று எல்லாவற்றையும் பரிசோதிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பரிசோதித்து முடித்ததை என்ன செய்வது என்று ஒரே ஒரு வகுப்பில் சொன்னார்கள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். படிப்பு முடிந்ததும் ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் தள்ளி, ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். பன்னிரண்டு கட்டில், ஒரு டாக்டர், பழைய ஸ்டோர் ரூமில் ஆய்வகம்.

ஆய்வகத்துக்குப் பொறுப்பு தேவராஜ் சார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு மார்க்கர் பேனா. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை, ஏனென்றால் அவர் கோபப்பட்டால் கண்ணை மூடிக்கொள்வார். மூடிய கண்ணைத் திறக்கிற வரைக்கும் நமக்கு உயிர் இருக்காது.

அவர் ஒரு கழிவுப் பையைக் கட்டுவதைப் பார்க்க வேண்டும். சளி டப்பாவும் ரத்தம் பட்ட பஞ்சும் மஞ்சள் பை. ஊசி கழற்றிய சிரிஞ்சு, பிளாஸ்டிக் குழாய் எல்லாம் சிவப்புப் பை. ஊசி வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடி நீலப் பெட்டிக்கு. முக்கால் பாகம் நிறைந்ததும் கட்டிவிட வேண்டும், இரண்டு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இதெல்லாம் சுவரில் ஒட்டிய தாளிலேயே இருக்கிறது. தாளில் இல்லாததைத்தான் அவர் செய்வார். பையின் கழுத்தை முறுக்கி, மடித்து, கட்டி, ஒரு வெள்ளைத் தாளுக்கு மேலே பையைத் தலைகீழாகப் பிடிப்பார். மனசுக்குள் நூறு வரை எண்ணுவார். தாளில் ஒரு சொட்டு விழுந்தாலும் அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து. அதன் பிறகு என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்.

"அடுத்து யார் கை?"

நான் சொல்ல வேண்டும். துப்புரவு வேலை பார்க்கிற முனியம்மா கை. அப்புறம் வேன் டிரைவர் கை. அப்புறம் கீழே எரிக்கிற இடத்தில் இருக்கிறவர் கை.

"அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமாங்க?"

"தெரியாது சார்."

"அப்ப இந்த லேபிள் அவங்களுக்கா, இல்ல இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவருக்கா?"

உடனே தமிழில் பெரிதாக எழுதுவார். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு மண்டை ஓடு வரைவார். அது பெரும்பாலும் பூசணிக்காய் மாதிரிதான் இருக்கும். முனியம்மா அதைப் பார்த்துச் சிரிப்பாள். சிரித்தாலும் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவாள்.

சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு பழைய அமிலத்தைக் கழிவு வாளியில் ஊற்றினேன். வாளியில் பிளீச்சிங் கரைசல் இருந்ததைக் கவனிக்கவில்லை. குபுக்கென்று ஒரு புகை வந்து தொண்டையைப் பிடித்தது. சார்தான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். இரண்டு நாள் இருமினேன். அவர் திட்டவில்லை. "அது ரெண்டுக்கும் பொருத்தம் கிடையாதுங்க" என்றார், ஜாதகம் பார்க்கிறவர் மாதிரி. எதையெல்லாம் எதோடு சேர்க்கக் கூடாது என்று என் கையாலேயே எழுத வைத்துக் கதவில் ஒட்டினார்.

இவ்வளவு கறாரான மனிதர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் என்னிடம் சொல்லாமல் விட்டிருந்தார்.

பல வருடங்கள் போன பிறகு நடந்தது இது. செல்போன் எல்லார் கையிலும் வந்துவிட்டது, ஆனால் மலைப் பாதையில் பாதித் தூரத்துக்கு சிக்னல் கிடையாது. சார் மகள் கல்யாணத்துக்காக ஒரு வாரம் லீவில் போயிருந்தார். அவர் போன மறுநாள் ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்து வந்து அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். திங்கட்கிழமை இன்ஸ்பெக்ஷன், அதற்குள் காலாவதியான ரசாயனம் ஒன்றுகூட அலமாரியில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் எல்லாவற்றையும் இறக்கினேன். மெஷின் வருவதற்கு முன்னால் கையால் பரிசோதித்த காலத்துப் பாட்டில்கள் அவை. மேல் தட்டின் மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி பாட்டில். லேபிளைப் பூச்சி அரித்திருந்தது. உள்ளே மஞ்சளாகக் கட்டி கட்டியாக ஏதோ, மூடியைச் சுற்றிலும் மஞ்சள் பொடி பூத்திருந்தது. சாயப் பொடி என்று நினைத்துக்கொண்டேன். ஈரப் பஞ்சால் கழுத்தைத் துடைத்தேன். உள்ளே என்ன என்று பார்க்க மூடியைத் திருகினேன். வரவில்லை. துணியைச் சுற்றித் திருகினேன். அப்போதும் வரவில்லை. மூன்றாவது தரம் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். இதை எழுதும்போதுகூட என் உள்ளங்கை வேர்க்கிறது.

மழையில் பாதையோரம் மண் சரிந்திருந்ததால் கழிவு வேன் மேலே வர மாட்டேன் என்றது. "பஸ்ல ஏத்தி உடுங்கம்மா, அடிவாரத்துல நான் நின்னு வாங்கிக்கிறேன்" என்றார் வேன் டிரைவர். இப்படிப்பட்டதைப் பயணிகள் பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மலையில் எல்லாமே பஸ்ஸில்தான் போகும். கல்யாணப் பத்திரிகை, பலாப்பழம், மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடி, எங்கள் ரத்த மாதிரி, எல்லாம் கண்டக்டர் ஏழுமலை கையில் கொடுத்தால் போய்ச் சேர்ந்துவிடும். பழக்கம் விதியை விடப் பெரிதாகிவிட்டது.

குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப் பெட்டியில் அடுக்கினேன். ஒவ்வொன்றையும் பஞ்சால் சுற்றி, இடையில் செய்தித்தாள் திணித்தேன். மஞ்சள் பாட்டில் வலப்பக்க மூலையில். பிளாஸ்டர் ஒட்டி முடித்துவிட்டு மார்க்கரை எடுத்தேன். 'அபாயம்' என்று எழுதினால் ஏழுமலை ஏற்ற மாட்டார். எழுதாமலும் விடக் கூடாது. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி நின்றேன். பிறகு கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'பத்திரம். ஆஸ்பத்திரி பொருள்.'

அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு அடுத்து யார் கை என்று நான் கேட்கவில்லை. இன்ஸ்பெக்ஷனைத்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. சந்தை நாள் இல்லாவிட்டாலும் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஏழுமலை பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார்.

"இன்னாம்மா இது?"

"கண்ணாடி பாட்டிலுங்க. உடையாம போகணும்."

"கவலையே படாதீங்க லேப்பம்மா. மேல போட மாட்டேன், கால் படுற இடத்துலயும் வைக்க மாட்டேன். டிரைவர் பக்கத்துல பானட் மேல வச்சிக்கிறேன்."

டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கிற பானட், எங்கள் பஸ்ஸில் மரியாதையான இடம். சாமிக்குக் கொண்டு போகிற பூக்கூடையை அங்கேதான் வைப்பார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த பஸ் போய் அரை மணி நேரத்தில் சார் வந்து நின்றார். கல்யாணம் முடிந்து ஒரு நாள் முன்னதாகவே பைக்கில் மேலே ஏறி வந்துவிட்டார். கையில் எனக்குக் கல்யாணப் பலகாரம். காலி அலமாரியைப் பார்த்தார். மேல் தட்டைப் பார்த்தார். பலகாரப் பையைக் கீழே வைத்தார்.

"மஞ்சள் பாட்டில் எங்கங்க?"

சொன்னேன். அவர் கண்ணை மூடவில்லை. அதுதான் எனக்கு முதல் பயம்.

"எந்தப் பக்கம் வச்சாரு?"

"பானட் மேல சார்."

அது பிக்ரிக் அமிலம். சிறுநீரகச் சோதனைக்கு எல்லா ஆய்வகத்திலும் ஒரு காலத்தில் வைத்திருந்ததுதான். தண்ணீருக்குள் இருக்கிற வரைக்கும் சாது. காய்ந்து கட்டியானால் வெடிமருந்து. சூடு ஆகாது, உரசல் ஆகாது, அதிர்ச்சி ஆகாது. மூடியின் மரையில் பூத்த பொடிகூட, மூடியைத் திருகினாலே வெடித்துவிடலாம். நான் மூன்று தரம் திருகினேன் என்று அவரிடம் அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏழுமலைக்குப் போன் போட்டோம். தொடர்பு எல்லைக்கு வெளியே. அடிவாரத்து டீக்கடைக்குப் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சார் பைக்கைத் திருப்பினார், நான் பின்னால் ஏறினேன்.

ஈரப் பாதை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு வருவதற்கு முன்னாலும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழுந்துவிடுவோம் என்ற பயம் எனக்கு இல்லை. வளைவைத் தாண்டியதும் என்ன தெரியும் என்ற பயம். புகை தெரியுமா, கூட்டம் நிற்குமா, கண்ணாடி சிதறிக் கிடக்குமா. காலையில் அந்த பஸ்ஸில் ஏறின முகமெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. புளி மூட்டையோடு ஏறின இரண்டு பேர், ஸ்கூல் பை மாட்டின பிள்ளைகள். அதில் பாதிப் பேருடைய ரத்த வகை எனக்கு மனப்பாடம். கும்பிடக்கூடக் கை வரவில்லை, இரண்டு கையாலும் சாரின் சட்டையைப் பிடித்திருந்தேன்.

கடைசிக்கு முந்தின வளைவில், ரோடு வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலுக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. எதிரே வந்த லாரிக்கு வழி விட்டு நின்றிருக்கிறார்கள். சார் டிரைவர் ஜன்னலுக்குப் போனார். டிரைவர் சாவிக்குக் கை கொண்டுபோனார்.

"ஆஃப் பண்ணாதீங்க" என்றார் சார், சாதாரணமாக. "அப்படியே ஓடட்டும்." அந்த பஸ்ஸை அணைத்தால் ஒரு குலுக்கு குலுக்கித்தான் நிற்கும். நின்ற இடத்திலேயே அது அவருக்குத் தோன்றியது.

நான் முன்படியில் ஏறி பானட்டைப் பார்த்தேன். பெட்டி அங்கே இல்லை.

பக்கத்து சீட்டில் காளியம்மாள் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் வருகிறவள், எட்டு மாதக் கர்ப்பிணி. போன வாரம்தான் ரத்தம் எடுத்து, ரத்தம் கம்மியாக இருக்கிறது, கேழ்வரகும் முருங்கைக்கீரையும் சாப்பிடு என்று சொல்லி அனுப்பினேன். ஸ்கேன் எடுக்கக் கீழே போய்க்கொண்டிருந்தாள். பெட்டி அவள் மடியில் இருந்தது. வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிற எல்லாரும் அவளுக்கு டாக்டர்தான். "டாக்டரம்மா, நீங்களே வந்துட்டீங்களா? பானட்டு மேல கடகடன்னு ஆடிக்கினே வந்துச்சு. ஆஸ்பத்திரி பொருளாச்சே, ஒடஞ்சிடப் போவுதேன்னு மடியில எடுத்து வச்சிக்கினேன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

சார் ஏழுமலையின் காதில் ஏதோ சொன்னார். ஏழுமலையின் முகம் வெளுத்தது, ஆனால் குரலை மாற்றாமல் கத்தினார்: "பிரேக்கு பாக்கணும், எல்லாம் பின்படி வழியா எறங்குங்க. மெதுவா, மெதுவா. மூட்ட முடிச்சு அப்பறம் எடுத்துக்கலாம்." முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஒருவர் வேலைக்கு நேரமாகிறது என்று சண்டைக்கு வந்தார். காளியம்மாளும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீ உக்காரும்மா" என்றேன்.

"எனக்கு மட்டும் இன்னாவாம்?"

"மாசமா இருக்கிறவ, நெரிசல்ல போகாத. ஆடாம உக்காரு." அந்தக் குரல் எங்கிருந்து எனக்கு வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

பஸ் காலியானதும் சார் என் பக்கத்தில் வந்தார். கையை நீட்டினார், பிறகு நிறுத்தினார். "பேக் பண்ணது நீங்க. அது எந்த மூலைல இருக்குன்னு உங்க கைக்குத்தான் தெரியும். சாய்க்காம தூக்கணும். முடியுமாங்க? முடியலன்னா நான் தூக்குறேன்."

முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். காளியம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் சிரிப்பு குறைய ஆரம்பித்தது. அவள் பயந்து அசைந்துவிடுவாளோ என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் குனிந்தேன், தைரியத்தால் அல்ல.

அடியில் கையை விட்டேன். வலது கையைச் சற்று மேலே வைத்து, மஞ்சள் பாட்டில் இருந்த மூலையைத் தாங்கினேன். தூக்கும்போது என் புறங்கையில் அவள் வயிறு பட்டது. உள்ளே பிள்ளை உதைத்தது. அந்த உதையை நான் கையில் வாங்கினேன்.

மூன்று படி. ஒவ்வொரு படிக்கும் சார் என் முழங்கையைப் பிடித்து "இப்ப", "இப்ப" என்றார். அப்புறம் மணல் குவியல் வரைக்கும் நடந்தேன். ஈர மணலில் பெட்டியை வைத்துவிட்டுக் கையை எடுக்க முடியவில்லை. விரல் விறைத்துப் போயிருந்தது. சார்தான் ஒவ்வொரு விரலாக எடுத்து விட்டார். காளியம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கி, பஸ்ஸைக் கீழே கொண்டுபோய் நிறுத்தி, எல்லாரையும் நடத்திக் கூட்டிப் போய் ஏற்றினார்கள். ஏழுமலை எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து சார் போன் செய்து, மாவட்டத்திலிருந்து வெடிகுண்டு அகற்றுகிறவர்கள் வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதுவரை பாதையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சார், போகிற வருகிற வண்டியை எல்லாம் நிறுத்தி வைத்தோம். தூறல் போட்டது. இடையில் ஒரு தரம் சார் என் பக்கம் வந்தார்.

"நான் வேலைக்கு வந்தப்பவே அது காஞ்சுதாங்க இருந்துச்சு" என்றார். "எடுத்துட்டுப் போகச் சொல்லி மூணு லெட்டர் போட்டேன், யாரும் வரல. யாரும் தொடாத மூலைல வச்சா போதும்னு விட்டுட்டேன். உங்ககிட்ட சொன்னா, பயந்து வேலைய விட்டுப் போயிடுவீங்களோன்னு சொல்லல. அடுத்து யார் கைன்னு உங்கள தினம் கேட்டேன். எங்கிட்ட நானே கேட்டுக்கல." அப்போதுதான் கண்ணை மூடினார். எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

வந்தவர்களில் மூத்தவரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "சார், இது வழியிலேயே வெடிச்சிருக்குமா?"

"வெடிச்சிருக்கலாம்மா. வெடிக்காமலும் போயிருக்கலாம். அது யார் சொல்லியும் கேக்காது" என்றார். பெட்டியை ஆள் இல்லாத ஒரு பழைய கல்குவாரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் நாங்கள் மேலே ஏறும்போது ஒரு சத்தம் கேட்டது. அது அவர்கள் வைத்த வெடியா, பாட்டிலா என்று நான் கேட்கவில்லை.

எனக்கும் சாருக்கும் மெமோ வந்தது. வர வேண்டியதுதான். அதன் பிறகு பஸ்ஸில் ஒரு பஞ்சு உருண்டைகூடக் கொடுத்து அனுப்பவில்லை. தெரியாத பாட்டிலைத் திறக்காதே, நகர்த்தாதே, கதவைப் பூட்டிவிட்டு ஆளைக் கூப்பிடு என்று சார் எழுதிய தாள் அந்த அலமாரியில் இன்னும் இருக்கும். திவ்யா, அது பழசாகிவிட்டது என்று கிழித்துப் போடாதே.

காளியம்மாளுக்கு அடுத்த மாதம் பெண் பிறந்தது. தடுப்பூசிக்கு வந்தபோது என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "டாக்டரம்மா, அந்தப் பொட்டி பத்திரமா போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சும்மா" என்றேன்.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. அவள் ஒவ்வொரு தரம் வரும்போதும் வரிசையில் நிற்கிறவர்களிடம் சொல்வாள், "ஆஸ்பத்திரி மருந்து பொட்டிய மடியில வச்சி காப்பாத்திக் குடுத்தவ நானு." நான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு கேட்காதது போல் இருப்பேன். இப்படிப் பதினோரு வருடம் ஓடியது.

நான் ஓய்வு பெற்ற அன்று மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு பாட்டில் மலைத்தேன் கொண்டுவந்தாள். பெண் நன்றாக வளர்ந்திருந்தாள், என் மேஜையைப் பிடித்து நின்றுகொண்டு நுண்ணோக்கியை வேடிக்கை பார்த்தாள். காளியம்மாள் மறுபடியும் அந்தப் பெட்டிக் கதையை ஆரம்பித்தாள். அன்றைக்கு என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அது மருந்து இல்லை என்றேன். என்ன என்று சொன்னேன். வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் சொன்னேன். தெரியாமல் வைத்தேன், ஆனால் ஆபத்தில்லாத பொருள் மாதிரி எழுதி அனுப்பியது தெரிந்தேதான் என்றேன்.

அவள் மகளின் தோளைப் பிடித்து, என் மேஜையை விட்டுத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். பதினோரு வயசுப் பெண்ணை, கைக்குழந்தையை இழுப்பது போல.

அப்புறம் கேட்டாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. பொட்டி மேல இன்னா எழுதியிருக்குதுன்னு கண்டக்டர கேட்டேன். பத்திரம்னு எழுதியிருக்குதுன்னாரு. நெசமா அதான் எழுதியிருந்துச்சா?"

"ஆமாம்மா."

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"அத்த நம்பித்தாம்மா மடியில வச்சேன்" என்றாள்.

தேன் பாட்டிலை மேஜையிலேயே விட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அந்தத் தேனை நான் இன்னும் திறக்கவில்லை.